எந்த ஜார்ஜ்?

தாத்தாவின் அடைப்பத்தில் நான்கு சவரக் கத்திகள் இருந்தன. மூன்று ஜெர்மன் கத்திகள், அன்றாடம் புழங்கியவை. நான்காவதை எண்ணெய் ஊறிய வேட்டித் துணியில் சுற்றி அடியில் வைத்திருப்பார். ஆயுத பூசையன்று மட்டும் அது வெளியே வரும். சந்தனம் குங்குமம் வைத்து, மற்ற மூன்றுக்கும் நடுவில் கிடத்துவார். நான் கை நீட்டினால், "தொடாதடா. ஜார்ஜ் ராஜா காலத்துச் சாமான் இது" என்பார்.

கடலூரில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டுக்கு வாரம் மூன்று நாள் போய்ச் சவரம் செய்தவர் தாத்தா. துரை ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன கத்தி அது. 1930களின் தொடக்கம் என்று அப்பா சொல்வார். அப்போது நாணயத்திலும் தபால் தலையிலும் இருந்தவர் ஐந்தாம் ஜார்ஜ். ஆகவே எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கத்தியின் கழுத்தில் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து, ஒரு கிரீடம், பிறகு 'ஆர்' என்று முத்திரை இருந்தது. ஜார்ஜ் ராஜா. கதை அதோடு முடிந்துவிட்டது.

நான் தபால் இலாகாவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். மை மங்கிய முத்திரையைச் சாய்த்துப் பிடித்து, ஊரும் தேதியும் கண்டுபிடிப்பது பாதி வேலையாகவே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கத்தியை ஒருநாள் சன்னல் வெளிச்சத்தில் அதே பழக்கத்தோடு சாய்த்துப் பார்த்தேன். முத்திரை ஒன்று சொல்கிறது, கத்தியின் உடம்பு வேறொன்று சொல்கிறது என்று பட்டது. அன்று தொடங்கிய படிப்பு இது. பதினாறு வருடம் ஆகிவிட்டது.

பழைய மடக்குக் கத்திகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் பிறந்தவை. ஐந்து சிற்றாறுகள் கூடும் மேட்டு நிலம் அது. ஆற்றுக்கு ஆறு அணை கட்டி, சக்கரம் சுழற்றி, சாணை பிடித்தார்கள். 1624இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அங்கே கத்திக் கொல்லர்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. ஒவ்வொரு கொல்லனும் தன் முத்திரையைச் சங்கத்தில் பதிய வேண்டும். அந்த முத்திரை நிலம்போல ஒரு சொத்து; தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திரமும் சிலுவையும் 1764இல் பதிவானவை. 1787இல் கேல்ஸ், மார்ட்டின் என்ற இருவர் ஷெபீல்டுக்கு ஒரு விலாசப் புத்தகம் போட்டார்கள். கொல்லர் பெயர்களோடு அவர்கள் முத்திரைகளையும் அதில் அச்சிட்டிருந்தார்கள். விலாசப் புத்தகம் என்றால் என்னவென்று தெரிந்தவனுக்கு அது பொக்கிஷம். எந்தத் தெருவில் எந்தப் பெயர் எந்த வருடம் இருந்தது, எந்த வருடம் காணாமல் போனது என்று பிற்காலப் புத்தகங்களோடு வைத்துப் பார்த்துக்கொண்டே வரலாம். ஷீஃப் ஒர்க்ஸ் என்று ஒரு கத்தியில் இருந்தால், அது வில்லியம் கிரீவ்ஸ் 1820களில் கால்வாய்க் கரையில் கட்டிய ஆலை. 1850இல் அது வேறு கைக்குப் போய்விட்டது. ஆகவே கிரீவ்ஸ் பெயரும் ஷீஃப் ஒர்க்ஸும் சேர்ந்து நிற்கும் கத்தி அந்த இடைவெளிக்குள்தான் பிறந்திருக்க முடியும். இரண்டு ஓரமும் தெரிந்த தேதி கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் ஒரு ஓரம்தான் கிடைக்கும்.

எங்கள் கத்தியில் செய்தவன் பெயர் இல்லை. இருந்திருக்கிறது, அழிந்துவிட்டது. கிரீடத்துக்குக் கீழே இரண்டு வரி ஓடியிருக்கிறது. மேல் வரியில் ஒன்றும் எஞ்சவில்லை. விரல் பட்டுப் பட்டு, துரு தின்று, வழவழப்பாகக் கிடக்கிறது. கீழ் வரியில் 'காஸ்ட் ஸ்டீல்' என்பதைத் தடவியே படிக்கலாம்.

இந்தக் கிரீடத்தில்தான் எல்லாரும் வழுக்கி விழுவது. ஜார்ஜ் என்ற பெயரில் ஒருவர் மட்டும் ஆளவில்லை. மூன்றாம் ஜார்ஜ் 1760இல் பட்டத்துக்கு வந்து 1820 வரை இருந்தார். அவர் மகன் நான்காம் ஜார்ஜ் 1830 வரை. பிறகு ஏழு வருடம் வில்லியம். அந்தக் காலக் கத்திகளில் 'டபிள்யூ ஆர்' என்று இருக்கும். 1837 முதல் 1901 வரை விக்டோரியா ராணி, 'வி ஆர்'. 1910இல்தான் மறுபடி ஜார்ஜ் வருகிறார். ஆக, இரண்டு ஜார்ஜ் காலங்களுக்கு நடுவே எண்பது வருடப் பள்ளம் இருக்கிறது. எழுத்து ஒன்றே. எந்தக் கரையைச் சேர்ந்தது என்பதை முத்திரை சொல்லாது. கத்தியின் வாலைக் கேட்க வேண்டும்.

வால் என்று நான் சொல்வது, பிடியோடு சேர்க்கும் ஆணிக்கு அப்பால் நீண்டு வளைந்து நிற்கும் இரும்பு நாக்கை. சவரம் செய்கிறவனின் சுண்டு விரல் அதன்மேல் உட்காரும். தாத்தாவின் ஜெர்மன் கத்திகளில் அது நீளமாக, கொக்கின் கழுத்துபோல வளைந்திருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கத்திகளுக்கு வாலே கிடையாது, இருந்தாலும் ஒரு மொட்டுதான். 1800ஐ ஒட்டித்தான் அது மெல்ல நீள ஆரம்பிக்கிறது. எங்கள் கத்தியில் வால் கட்டை விரல் நகத்தின் பாதி அளவுகூட இல்லை. அதைப் பார்த்தபோதே ஐந்தாம் ஜார்ஜ் விலகிவிட்டார் என்று எனக்கு உறுதியாயிற்று.

பிறகு வயிறு. கத்தியை நேராக நிறுத்தி முனையிலிருந்து பார்த்தால் குறுக்குவெட்டு தெரியும். எங்கள் கத்தி ஆப்புபோல இருக்கிறது: முதுகில் கனம், இரண்டு பக்கமும் ஏறக்குறைய நேராக இறங்கி வாயில் முடிகிறது. பெரிய சாணைச் சக்கரத்தில் பிடித்தது. சக்கரம் சிறிதாகச் சிறிதாகக் கத்தியின் கன்னம் குழியும். பத்தொன்பதாம் நூற்றாண்டு போகப் போகக் குழி ஆழமாகி, கடைசியில் ஜெர்மன்காரர்கள் கத்தியைக் காகிதம்போல மெல்லியதாக்கிவிட்டார்கள். அந்த மோகம் எவ்வளவு என்றால், இங்கிலீஷ் கத்தியின் அலகிலேயே 'ஹாம்பர்க் சாணை' என்று பொறித்து விற்றார்கள். அப்படிப் பொறித்திருந்தால் அது அந்த நூற்றாண்டின் பிற்பகுதி.

சாணை என்றதும் சொல்லாமல் கடக்க முடியாத ஒன்று உண்டு. ஷெபீல்டு மருத்துவர் நைட் என்பவர் எழுதி வைத்த கணக்கை, ஏங்கல்ஸ் 1845இல் வெளியான தம் புத்தகத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். உலர்ந்த கல்லில் முள்கரண்டிக்குச் சாணை பிடிப்பவர்கள் 28 வயதிலிருந்து 32க்குள் சாகிறார்கள். ஈரமும் உலர்வுமாகச் சவரக் கத்திக்குப் பிடிப்பவர்கள் 40லிருந்து 45க்குள். கல்லின் தூளும் இரும்பின் தூளும் நுரையீரலில் போய்த் தங்கிவிடும். என் தாத்தா 81 வயது வரை அந்தக் கத்திகளைத் தீட்டினார். அதற்கு வயிறு பிடித்துக் கொடுத்தவன் அதில் பாதிதான் வாழ்ந்திருப்பான். கத்தியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இந்த எண்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

'காஸ்ட் ஸ்டீல்' என்ற இரண்டு சொல்லுக்குள் ஒரு முழு வரலாறு இருக்கிறது. 1740களில் ஷெபீல்டுக்கு அருகே ஹேண்ட்ஸ்வொர்த்தில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், தம் கடிகாரங்களுக்கு நல்ல வில் கிடைக்காமல், எஃகை மண் மூசையில் போட்டு முழுக்க உருக்கிப் பார்த்தார். அதுவரை ஐரோப்பாவில் எஃகு உருகி நீராக ஓடியதில்லை. இரும்பைக் கரியோடு சேர்த்து நாள் கணக்கில் சுட்டு, மேலே கரி ஏறியதை அடித்துச் சேர்ப்பார்கள். உருகிய எஃகு ஒரே சீராக இருந்தது. அந்தச் சீர்மைதான் சவரக் கத்திக்கு உயிர். வாயில் ஒரு இடம் கெட்டியும் ஒரு இடம் மெத்தும் இருந்தால் கன்னம் கிழியும். ஆகவே 'காஸ்ட் ஸ்டீல்' என்று பெருமையாக அடித்துக்கொண்டார்கள்.

ஐரோப்பாவில் என்று சொன்னேன். நம் பக்கம் அது பழைய சங்கதி. சேலத்திலும் மைசூரிலும் தெலங்கானத்திலும் கைப்பிடி அளவு மண் மூசையில் இரும்புத் துண்டோடு உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சேர்த்து, மேலே எருக்கிலை மூடி, களிமண்ணால் வாய் பூசி, துருத்தி போட்டு உருக்கினார்கள். ஒரு மூசைக்கு ஒரு ராத்தலுக்கு மேல் இருக்காது. தமிழில் உருக்கு, கன்னடத்தில் உக்கு. அதுதான் வெள்ளைக்காரன் காதில் 'ஊட்ஸ்' ஆயிற்று. 1794இல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர் அதில் கொஞ்சம் லண்டனுக்கு ஜோசப் பேங்க்ஸ் என்ற அறிஞருக்கு அனுப்பினார். மறு வருடமே ஜார்ஜ் பியர்சன் என்பவர் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அந்தத் துண்டிலிருந்து ஒரு பேனாக்கத்தி அடித்துக் காட்டியவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், லண்டன் ஸ்டிராண்டு தெருவில் 401ஆம் எண் கடைக்காரர். அவருக்கு அது பிடித்துப்போய், தம் கடையின் விளம்பரச் சீட்டிலேயே இந்திய எஃகில் செய்த சவரக் கத்தி கிடைக்கும் என்று போட்டுக்கொண்டார்.

அந்த ஸ்டோடார்ட்தான் பிறகு மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்தார். மின்சாரத்துக்குப் போகுமுன், கொல்லன் மகனான ஃபாரடே சில வருடம் உலைக்களத்தில்தான் கிடந்தார். ஊட்ஸின் ரகசியம் என்ன என்று தேடித்தான் தொடங்கினார்கள். தேடிக்கொண்டே எஃகில் பிளாட்டினம், ரோடியம், வெள்ளி என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார்கள். ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி சேர்ந்தால் நல்ல எஃகு கிடைக்கிறது என்று எழுதினார்கள். 1820இலும் 1822இலும் அவை அச்சாயின. உடனே ஷெபீல்டில் 'சில்வர் ஸ்டீல்' என்ற பொறிப்பு தொற்றிக்கொண்டது. உள்ளே வெள்ளி இருந்ததா என்பது வேறு விஷயம். வாங்குகிறவனை இழுக்கும் பெயராகவே பெரும்பாலும் அது நின்றது. தேதி பார்க்கிறவனுக்கு அது நல்ல மைல்கல். அந்தப் பொறிப்புள்ள கத்தி 1820க்கு முந்தியது என்று எவர் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

'இந்தியா ஸ்டீல்' என்று பொறித்த கத்திகளும் அதே காலத்தவை. அதில் ஒன்று என்னிடம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2011இல் சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில், ஓட்டைப் பூட்டுகளுக்கு நடுவே கிடைத்தது. அலகின் மேல் சாம்பல் நிறத்தில், அமிலத்தால் அரித்து எழுதிய கொடி வேலைப்பாடும் அந்த இரண்டு சொல்லும். அலகில் துருப்புள்ளிகள் இருந்தன. தெரிந்த சாணைக்காரர் ஒருவரிடம், துருவை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்று கொடுத்தேன். மறுநாள் கண்ணாடிபோல மின்னும் ஓர் அலகைக் கையில் வைத்தார். அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. எனக்குப் பேச்சு வரவில்லை. அமிலப் பொறிப்பு மேல்தோல் ஆழம்தான். பஞ்சுச் சக்கரம் நாலு சுற்றில் தின்றுவிடும். இன்று அதைச் சாய்த்துப் பிடித்தால் நடுவில் நாலைந்து எழுத்துகளின் நிழல் மட்டும் தெரிகிறது. சேலத்து உருக்கின் பெயரைத் தாங்கி இருநூறு வருடம் நின்ற ஓர் எழுத்து, அரை மணியில் போனது. பழைய கத்தி கிடைத்தால் துணியும் எண்ணெயும் போதும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் எங்கள் பக்கத்து ஊருக்கும் பங்கு உண்டு. நாங்கள் இருக்கும் சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. சென்னை மாகாணத்தில் கும்பெனி உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830இல் அங்கே இரும்பு ஆலை வைத்தார். கனிமம் சேலத்திலிருந்து வந்தது. ஆவாரங்கட்டை, எருக்கிலை, ஒரு ராத்தல் கணக்கு எல்லாம் அவர் பார்த்து எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. 1839இல் அவர் இங்கிலாந்தில், மூசையில் மாங்கனீசு சேர்த்தால் எஃகு பக்குவப்படும் என்று காப்புரிமை வாங்கினார். ஷெபீல்டில் எஃகின் விலை இறங்கியது. ஸ்வீடன் இரும்புக்குப் பதிலாக உள்ளூர் இரும்பையும் போட முடிந்தது. காப்புரிமையின் சொற்களைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பணம் கொடுக்க மறுத்தார்கள். வழக்கு வருடக் கணக்காக நடந்தது. அது முடியுமுன், 1851இல், வறுமையில் இறந்தார். விக்டோரியா காலத்து ஷெபீல்டு கத்தி ஒன்றைத் திறக்கும்போது, பரங்கிப்பேட்டை வெயிலில் அலைந்த அந்த மனிதரின் கைவேலையும் அந்த எஃகில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

பிற்காலக் கத்திகளுக்குத் தேதி சொல்வது சுலபம். இங்கிலாந்தின் 1887 வாணிகச் சட்டமும் அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டமும் வெளியிலிருந்து வரும் சரக்கின் மேல் நாட்டின் பெயரைப் போட வைத்தன. ஜெர்மன் சரக்கில் ஷெபீல்டு என்று அடித்து விற்கிறார்கள் என்ற ஆத்திரமும் இங்கிலீஷ் சட்டத்துக்கு ஒரு காரணம். ஆகவே 'இங்கிலாந்து' என்றோ 'ஜெர்மனி' என்றோ இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. தாத்தாவின் மூன்று ஜெர்மன் கத்திகளும் சோலிங்கன் சரக்கு. நல்ல கத்திகள். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

பிடியைப் பற்றிச் சொல்ல உண்டு. பழையவற்றில் கொம்பும் எலும்பும் தந்தமும் ஆமையோடும். கொம்பைச் சூடாக்கி அச்சில் அழுத்தி உருவம் எடுப்பார்கள். 1870களுக்குப் பிறகு செல்லுலாய்டு வந்தது. தந்தம்போலவும் ஓடுபோலவும் வேடம் போடும். அது கெட ஆரம்பித்தால் ஒரு புளித்த கற்பூர வாடை வரும். அதிலிருந்து கசியும் ஆவி இரும்பை அரிக்கும். தாத்தா இறந்த பிறகு நான்கு கத்திகளும் ஒரு பிஸ்கட் டப்பாவில் மூடிக் கிடந்தன. திறந்தபோது செல்லுலாய்டு பிடி போட்ட ஒரு ஜெர்மன் கத்தியின் அலகு, பிடிக்குள் மடிந்திருந்த இடம் முழுக்க, செல் அரித்த ஓலைபோல் பொடிந்திருந்தது. பக்கத்தில் இருந்த கத்தியிலும் அந்தப் பக்கம் மட்டும் புள்ளிகள். துணிச்சுற்று இருந்ததால் நான்காவது தப்பியது. அப்படிப்பட்ட பிடி இருந்தால் தனியாக, காற்றாட வையுங்கள்.

எங்கள் கத்தியின் பிடி கறுத்த எருமைக் கொம்பு. அடிமுனையில் இரண்டு பட்டைக்கும் நடுவே ஈயத்தில் ஓர் ஆப்பு. ஷெபீல்டுக்காரர்களின் வழக்கம் அது. ஈயத்தின் மேல் வெள்ளைப் பூப்பு பூத்திருக்கிறது. நான் துடைக்கவில்லை.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். 'காஸ்ட் ஸ்டீல்' இருக்கிறது; 'சில்வர் ஸ்டீல்' இல்லை. கிரீடமும் ஜார்ஜும் இருக்கிறார்கள். நாட்டின் பெயர் இல்லை. மொட்டு வால், ஆப்பு வயிறு. கழுத்தில் விரல் வழுக்காமல் இருக்கப் பிற்காலத்தில் போட்ட கோடுகள் இல்லை. 1800க்கு முன்பின்னாக, மிஞ்சினால் 1820. அதாவது மூன்றாம் ஜார்ஜ். துரை அதைத் தாத்தாவிடம் கொடுத்தபோதே அதற்கு நூறு வயது தாண்டியிருந்தது. துரையின் பாட்டனுக்குப் பாட்டன் சவரம் செய்த கத்தியாக இருக்கலாம். அதை ஏன் ஊருக்கு எடுத்துப் போகாமல் இங்கே கொடுத்தார் என்று அப்பாவிடம் கேட்டேன். "அவர் கையால அவர் சவரம் பண்ணிக்கிட்டதே இல்லப்பா. தாத்தா கைதான் அவருக்குப் பழக்கம்" என்றார்.

கத்தியின் அகலத்தை அரைக்கால் அரைக்காலாக அளப்பது வழக்கம். அங்குலத்தை எட்டாகப் பிரித்த இந்தக் கணக்கு வெள்ளைக்காரனுடையது. அதற்கு நம் வாய்ப்பாட்டிலேயே பெயர் இருப்பது எனக்கு வசதி. எங்கள் கத்தி முனைப்பக்கம் அரையே அரைக்கால் அங்குலம். கழுத்துப் பக்கம் அரை அங்குலம். முதலில் இதை நான் தேய்மானம் என்று எண்ணினேன். தாத்தா கல்லில் தீட்டும்போது கழுத்துப் பக்கத்தை அழுத்துவார் என்று அப்பா சொல்லியிருந்தார். பிறகு தெரிந்தது, அந்தக் காலக் கத்திகளே முனைப்பக்கம் அகன்று கழுத்துப் பக்கம் குறுகித்தான் பிறக்கும். சரி, தாத்தாவின் கைக்கு அதில் அடையாளமே இல்லையா என்று ஒரு ஏமாற்றம்.

போன ஆயுத பூசைக்குத் துணியைப் பிரித்தபோது முதுகைப் பார்த்தேன். கத்தியைக் கல்லில் படுக்கவைத்துத் தீட்டும்போது வாயோடு முதுகும் தேயும். தேய்ந்த இடம் தட்டையான ஒரு பட்டையாக மின்னும். முனைப்பக்கம் அது நூல் அகலம்தான் இருக்கிறது. கழுத்தை நெருங்க நெருங்க அகன்று, கடைசியில் நெல்மணி அகலத்துக்கு வந்து நிற்கிறது. அழுத்தம் எங்கே விழுந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அப்பாவைக் கூப்பிட்டு, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, அந்தப் பட்டையைக் காட்டினேன். 92 வயது. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கத்தியை மடக்கி, தாமே துணியில் சுற்றினார்.